சாம்புவைப் படித்தவர்கள் சொன்னது

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

பொங்கலுக்கு முன்னால் சென்னை போயிருந்தபோது தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' இரண்டு பிரதி வாங்கி வந்தேன். ஒன்றைக் கூரத்தில் என் பழைய மாணவர்களிடம் சுற்ற விட்டேன். இன்னொன்றைச் சொந்தக்காரர்கள் பக்கம் அனுப்பினேன். வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. திருப்பிக் கொடுக்கும்போது, 'நன்றாக இருந்தது சார்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றும் வீட்டுப்பாடம் கொடுக்கிற புத்தி போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான்.

ஐந்து பேர் முழுதாகவோ முக்காலாகவோ படித்துவிட்டுச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையும் அதைப் பற்றி நான் நினைப்பதையும் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கடைசியில் வந்த ஒரு கருத்து என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. அதற்கு வருகிறேன்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சில வரி. தேவன் என்பவர் ஆர். மகாதேவன். 1913-இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். கும்பகோணத்தில் பட்டம் படித்துவிட்டுக் கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். (இதை எங்கே படித்தாலும் எனக்கு ஒரு பெருமை. நம் தொழிலில் இருந்து போனவர்!) பிறகு ஆனந்த விகடனில் சேர்ந்து, 1957-இல் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். 1942-இல் விகடனில் சாம்பு கதைகளை எழுதத் தொடங்கினார். மொத்தம் ஐம்பது கதைகள். சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. அசடு என்று ஊரே முத்திரை குத்திய ஆள். அவர் எதையோ உளறுவார், எங்கேயோ தடுக்கி விழுவார். அதில் திருடன் மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன், "ஆகா, என்ன மூளை!" என்று வியப்பார். சாம்புவின் மனைவி வேம்புவும் அப்படியே நம்புவாள். கோபுலுவின் கோட்டில் இது படக்கதையாகவும் வந்தது. தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்ததை உங்களில் நாற்பது தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காலத்து வாசகர்களுக்கு இது ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்தால் ஒன்று தெரியும். அதற்கு முன்பே தமிழில் துப்பறியும் நாவல்கள் குவிந்து கிடந்தன. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று பெரிய வரிசை. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் எதையும் கண்டுபிடித்துவிடுவார். வடுவூராரின் திகம்பர சாமியாருக்குத் தெரியாத ரகசியமே கிடையாது. இப்படிப்பட்ட அறிவாளிகளைப் படித்துப் படித்துப் பழகிய வாசகனிடம்தான் தேவன் சாம்புவைக் கொண்டுவந்து நிறுத்தினார். துப்பறியும் கதையில் இருக்க வேண்டிய எல்லாமே இதிலும் இருக்கிறது. திருட்டு உண்டு, போலீஸ் உண்டு, தடயம் உண்டு, முடிவில் பாராட்டும் உண்டு. துப்பறிதல் மட்டும் இல்லை. ஆங்கிலப் படத்தில் வந்த இன்ஸ்பெக்டர் க்ளூஸோவைப் பார்த்துக் காப்பியடித்தது என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். 'தி பிங்க் பாந்தர்' படம் 1963-இல் வந்தது. சாம்பு அதற்கு இருபது வருடம் மூத்தவர்.

1942 எப்படிப்பட்ட வருடம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஏப்ரல் மாதம் சென்னைப் பட்டணமே காலியானது. ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு'. தலைவர்கள் எல்லாம் சிறையில். அந்த வருடத்தில்தான் ஓர் அசட்டு குமாஸ்தா ஜனங்களைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

சரி, வாசகர்கள்.

முதலில் என் தம்பி. தாம்பரத்தில் இருக்கிறான். "இந்த மாதிரி இப்ப யாருண்ணா எழுதறாங்க?" என்றான். அதோடு சரி. இது புத்தகத்தைப் பற்றிய கருத்தே இல்லை, அவன் வயதைப் பற்றிய கருத்து என்று அவனிடமே சொல்லிவிட்டேன். பதினெட்டாவது கதையில் பால் கணக்கு எழுதிய சீட்டு அடையாளமாக இருந்தது. அதற்குமேல் அவன் போகவில்லை.

பேத்திக்குப் பதினான்கு வயது. ஐந்து கதை படித்துவிட்டு, "தாத்தா, எல்லாம் ஒரே டெம்ப்ளேட். ஆறாவது கதைல என்ன ஆகும்னு நானே சொல்லிடுவேன்" என்றாள். சொல்லியும் காட்டினாள். கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை, படித்த விதத்தில்தான் தப்பு. தவணை தவணையாகக் காத்திருந்து படிப்பதற்காக எழுதப்பட்ட கதைகளை ஒரே மாலையில் ஐந்து படித்தால் எதுவும் சலிக்கும். தீபாவளிப் பலகாரத்தை முறத்தோடு வைத்துக்கொண்டு தின்றால் மூன்றாவது அதிரசத்திலேயே திகட்டிவிடும். நாங்கள் சின்ன வயதில் படித்தபோது யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த பழைய பக்கங்கள்தான் கிடைத்தன. நடுநடுவே பக்கம் இருக்காது. அதனால் சலிப்பும் இல்லை. தொகுப்பாக வரும் நகைச்சுவைக் கதைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. வாரத்துக்கு ஒன்று என்று படித்துப் பாருங்கள். பேத்தியிடமும் அதையே சொன்னேன். "ஐம்பது வாரமா?" என்று கேட்டாள்.

மூன்றாமவர் என் மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற ஏட்டு. புத்தகத்தைக் கொடுக்கவே எனக்குக் கொஞ்சம் தயக்கம். நினைத்தபடியே ஆயிற்று. "ஏன் மாப்ளே, போலீஸ்காரன்னா எவனோ பேந்தப் பேந்த முழிக்கிறதப் பாத்து அதுதான் தடயம்னு ஓடுவானா?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். காபி வந்தது. குடித்துவிட்டு அவரே சொன்னார்: "ஆனா ஒண்ணு. நான் பாத்த கேசுல பாதி, எவனாவது ஒருத்தன் தானா வந்து வாயக் குடுத்து மாட்டினதுதான். அத நாங்க எழுதும்போது 'தீவிர விசாரணையில்'னு எழுதுவோம்." நான் சிரித்ததில் காபி புரையேறிவிட்டது. அவரும் சிரித்துவிட்டு, "இத எங்கயும் எழுதிடாதீங்க" என்றார். எழுதிவிட்டேன். மன்னிக்கவும் மச்சான்.

நான்காவது கருத்து கொஞ்சம் கனமானது. சொன்னவள் என் மாணவி. தறி வீட்டுப் பெண், இப்போது ஒரு வங்கியில் அதிகாரி. "சார், கதை எனக்குப் புரியுது. சிரிப்பும் வருது. ஆனா இது எங்க வீட்டுச் சிரிப்பு இல்ல. பேச்செல்லாம் அக்கிரகாரத்துப் பேச்சு. வர்ற வீடும் தெருவும் கச்சேரியும் மயிலாப்பூர். எங்க அப்பா மாதிரி ஒருத்தரும் அம்பது கதைல இல்ல. நீங்க ஏன் இத எங்களுக்கு வகுப்புல படிச்சுக் காட்டினீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. என் அப்பாவும் தறிக்காரர்தான். நான் இந்தக் கதைகளை முதலில் படித்தபோது எனக்கும் பாதி வார்த்தை புரியவில்லை. அந்தக் காலத்தில் பெரிய பத்திரிகைகளில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்து ஆட்கள், அவர்கள் தெரிந்த வீட்டைத்தான் எழுதினார்கள். இது குறைதான். பழைய புத்தகம் என்பதற்காக அந்தக் குறையை நான் மூடி மறைக்க மாட்டேன். இருந்தாலும் அவளுக்கு நான் சொன்ன பதில் இது. நீங்கள் புத்தகம் படிக்க வேண்டும் என்றால் முதலில் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கையில் கிடைத்த சிரிப்பு அதுதான். உங்கள் வீட்டுச் சிரிப்பை எழுதிய புத்தகம் அன்று என் பெட்டியில் இல்லை. இருந்திருந்தால் அதைப் படித்திருப்பேன். அவள், "அப்போ யாராவது எழுதணும் சார்" என்றாள். "நீ எழுதேன்" என்றேன். "ஆடிட் இருக்கு சார்" என்றாள்.

அவள் சொன்ன இன்னொன்றும் சுவையானது. வங்கியில் அவளுடைய முதல் மேலாளர் எதற்கும் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்வாராம். எல்லோரும் அவரை ஆழமாகச் சிந்திப்பவர் என்று பயந்தார்களாம். ஒரு வருடம் கழித்துத்தான் அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்று தெரிந்ததாம். "சாம்பு இன்னும் பேங்க்லதான் சார் இருக்கார்" என்றாள்.

என் கருத்தும் இதையொட்டித்தான். சாம்பு கதைகள் ஓர் அசடனைப் பற்றிய கதைகள் என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் அசட்டுக் கதை வேண்டும் என்றால் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு நமக்கு எப்போதோ கிடைத்துவிட்டார். தேவன் செய்தது வேறு. இங்கே உண்மையில் வேலை செய்வது கோபாலனின் மூளை. சாம்பு கொட்டாவி விட்டால் அதற்கு ஒரு பொருள் கண்டுபிடிப்பது கோபாலன். சாம்பு பேசாமல் இருந்தால் அந்த மௌனத்துக்கு உரை எழுதுவது கோபாலன். ஒருவனைப் பற்றி முதலில் ஒரு முடிவு எடுத்துவிட்டால், பிறகு அவன் எதைச் செய்தாலும் அந்த முடிவுக்குச் சாட்சியாகவே தெரியும். நாற்பது வருடமாக இந்தக் கதைகளைப் பற்றி இப்படித்தான் பேசி வருகிறேன். ஆசிரியர் கூட்டங்களில்கூடச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்போது ஐந்தாவது ஆள்.

1992 என்று நினைவு. ஏழாம் வகுப்பு. அந்த நாட்களில் நம் பக்கத்துப் பட்டுத் தறி எப்படி ஓடியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் இழையோடு இழை பின்னிச் சேர வேண்டும். அதற்கு நெய்கிறவர் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை. வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தால் பிள்ளை வேறொருவர் தறியில் உட்கார வேண்டும். பிறகு மாவட்டத்தில் குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகள் எல்லாம் வந்தன. அப்போது என் வகுப்பில் அப்படி ஆறேழு பேர் இருந்தார்கள்.

அதில் ஒருவன் நெற்றி நிறைய விபூதியோடு வருவான். தாமதமாக வருவான். வந்ததும் தூங்குவான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நான் கதை படிப்பேன். சாம்பு கதைகள் அப்போதுதான் ஓடின. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவன் தறிக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் பூகோளப் பாடம். பூமியின் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இவன் தூங்கிக்கொண்டிருந்தான். மேசையைத் தட்டி எழுப்பினேன். எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நாப்பதாயிரம் கிலோமீட்டர் சார்" என்றான். சரியான விடை. எனக்கு ஆச்சரியம். வகுப்புக்கு அதைவிட ஆச்சரியம். நான் சிரித்துக்கொண்டே, "டேய், நீ துப்பறியும் சாம்புடா!" என்றேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவன் சாம்பு. பள்ளியில் சாம்பு, தெருவில் சாம்பு, தறியில் சாம்பு. எட்டாவதோடு நின்றுவிட்டான். பெயர் நிற்கவில்லை. இன்று அவனுக்குச் சொந்தமாக இரண்டு தறி இருக்கிறது. சங்கத்துக்கு நெய்கிறான். ஊரில் அவன் உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு காட்ட ஆள் இல்லை.

புத்தகம் சுற்றிச் சுற்றி அவனிடமும் போயிருக்கிறது. நான் கொடுக்கவில்லை. பெயரைப் பார்த்துவிட்டு அவனே வாங்கிப் போயிருக்கிறான். போன வாரம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தான்.

"சார், நீங்க எனக்கு சிவன் பேரு வெச்சீங்கன்னு நெனச்சேன் சார்."

எனக்குப் புரியவில்லை.

"சம்புன்னா சிவன்தானே சார். நான் விபூதி பூசிக்கிட்டு வருவேன்ல. நம்ம ஊர் பல்லவர் கோயிலும் சிவன் கோயில். சார் அதுக்காகத்தான் வெச்சாருன்னு நெனச்சேன். பசங்க சிரிச்சது விபூதியப் பாத்துன்னு நெனச்சேன். என் பையன் கேட்டப்பகூட அப்படித்தான் சொன்னேன். இப்ப புக்கப் படிச்சா, முதல் கதையிலேயே..."

முடிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதன் பெருமையோடு சுமந்த பெயர், நான் ஒரு நொடி கைதட்டுக்காக வீசிய பெயர். வகுப்பில் அந்தக் கதைகளைக் கேட்காத ஒரே பையனுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறேன்.

பிறகு அவனே சொன்னான்: "ஒண்ணு மட்டும் சொல்லணும் சார். அன்னிக்கி நான் குருட்டாம்போக்குல சொல்லல. எனக்குத் தெரியும். காலைல நாலு மணிக்குத் தறியில உக்காருவேன்ல. எங்க அக்கா எதிர்ல தார் சுத்திக்கிட்டே என் பாடத்த சத்தமா படிக்கும். அது படிச்சே எனக்குப் பாதி பாடம் வரும். நாப்பதாயிரமும் அப்படித்தான் வந்துது."

நான் மேலே கோபாலனைப் பற்றி எழுதிய பத்தியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நாற்பது வருடம் கைதட்டு வாங்கிய பத்தி. சாம்பு எதைச் செய்தாலும் அதில் கோபாலன் அறிவைப் பார்த்தார். இந்தப் பையன் எதைச் செய்தாலும் அதில் நான் மந்தத்தைப் பார்த்தேன். தூங்கினால் மந்தம். தாமதமாக வந்தால் மந்தம். சரியான விடை சொன்னபோதுகூட அதிர்ஷ்டம். காலை நாலு மணிக்குத் தறியில் உட்காரும் பிள்ளை பத்து மணிக்குத் தூங்குவான் என்பது தறிக்காரர் மகனான எனக்குத் தெரியாதா? தெரியும். அவன் விஷயத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, விடுங்க சார்" என்றான். அப்புறம்தான் உட்கார்ந்தான்.

நிபந்தனை நினைவிருந்ததால், புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று அந்த நொடியில் தோன்றியது. ஆனால் அவன் யோசித்து வைத்திருந்தான். நாற்பது வருடத்தில் சாம்பு கதைகளைப் பற்றி நான் கேட்டதில் இதுதான் நல்ல விமரிசனம். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"வேம்புவத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது சார். மத்தவங்க எல்லாம் திருடன் மாட்டினதுக்கப்புறம் சாம்புவ நம்புறாங்க. பொண்டாட்டி அப்படி இல்ல. சிரிப்பு எனக்கு நெறய எடத்துல வந்துது. ஆனா ஒண்ணு இடிக்குது. சாம்பு யார் மேல போய் விழுந்தாலும் அவன் சரியா திருடனாவே இருக்கான். நெசத்துல அப்படி இருக்காது சார். எனக்குப் பதினாலு வயசுல, நான் வேல செஞ்ச தறியில ஒரு மார்க் ஜரிகை காணாம போச்சு. யாரோ என்னக் கை காமிச்சாங்க. நான் முழிச்சேன். முழிக்கிறதப் பாத்து நான்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. மூணு நாள் கழிச்சு தறிக் குழிக்குள்ளயே கெடச்சுது. அடிச்சது அடிச்சதுதான். சாம்பு மாதிரி ஒருத்தர் கை காமிச்சு, அது தப்பான ஆளா இருந்தா என்ன ஆவும்னு ஒரு கதை இருந்தா நல்லா இருக்கும் சார்."

ஒரு மார்க் என்பது இருநூற்று நாற்பது கிராம் சொச்சம் ஜரிகை. பதினாலு வயதுப் பையன் வீட்டில் யாரும் கண்ணால் பார்த்திராத பணம்.

அவன் கேட்ட கதை தேவனிடம் இல்லை. நான் படித்தவரையில் அந்த ஐம்பதிலும் அதிர்ஷ்டம் தப்பான ஆள் மேல் விழுவதில்லை. அப்படி விழுந்தால் அது நகைச்சுவைக் கதையாக நிற்காது என்று தேவன் தரப்பில் நான் வாதாடலாம். வாதாடினேன் கூட. சிரிப்பு வர வேண்டும் என்றால் யாருக்கும் நிஜமாக வலிக்கக் கூடாது, கதை எழுதுகிறவர் அந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். "அப்ப வெளில அந்த ஏற்பாட்டப் பண்றது யாரு சார்?" என்றான். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

இதனால் எனக்கு சாம்பு பிடிக்காமல் போய்விட்டதா என்றால் இல்லை. நேற்றுகூட ஒரு கதை படித்துத் தனியாகச் சிரித்தேன். இன்னும் சொன்னால், இப்போதுதான் அந்தக் கதைகளில் உள்ள ஒரு நல்ல குணம் தெரிகிறது. தேவன் சாம்புவை எங்கேயும் அவமானப்படுத்துவதில்லை. ஊர் சிரிக்கும், தேவன் அவர் பக்கம் இருப்பார். புத்தகத்தை வகுப்பில் படித்துக்காட்டிய நான்தான் அந்தப் பெயரை எடுத்து ஒரு பையன் மேல் எறிந்தேன். பெயர் வைத்துக் கூப்பிடும் பழக்கம் எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்கு இருந்தது. அன்பால்தான் வைத்தோம் என்று சொல்லிக்கொள்வோம். உங்களில் வேறு யாருக்காவது நான் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் போன் செய்து சொல்லுங்கள். 'குள்ளநரி' என்று ஒருவனைக் கூப்பிட்டது நினைவு வருகிறது. அவன் இப்போது எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேச்சோடு பேச்சாக அவனிடம் நம் ஊர்ச் செப்பேட்டைப் பற்றியும் சொன்னேன். பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டு. அவன் சொன்ன அதே சிவன் கோயிலுக்கு நிலம் விட்ட சாசனம். அதில் பூசைக்கு மட்டும் நிலம் விடவில்லை. கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கும் மானியம் உண்டு. "நம்ம ஊர்ல கதை படிக்கறவனுக்கு ராஜா நெலம் குடுத்திருக்கான்" என்றேன். "கேக்கறவனுக்கு சார்?" என்றான். கேட்கிறவனுக்கு ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டேன்.

இதை எல்லாம் முகநூலில் எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார். பேர் மட்டும் போடாதீங்க" என்றான். உடனே அவனே சிரித்துவிட்டான். "பேரச் சொன்னா யாருக்கும் தெரியாது. பேரச் சொல்லலன்னா எல்லாருக்கும் தெரியும்" என்றான். பையனிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். சிவன் பேர் என்றே இருக்கட்டுமா என்று யோசித்ததாகவும், பிறகு புத்தகத்தையே அவன் கையில் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். பன்னிரண்டாவது கதை வரை வந்திருக்கிறானாம்.

கிளம்பும்போது, "இனிமே என்ன சாம்புன்னு கூப்பிடறவங்க ஒரு கதையாவது படிச்சிட்டுக் கூப்பிடணும்னு போடுங்க சார்" என்றான். போட்டுவிட்டேன். தெருக்காரர்கள் கவனத்துக்கு.

ஊர்ப் பிரதி இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்து வேண்டும் என்பவர்கள் அவனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் பிரதி தாம்பரத்தில் பதினெட்டாவது கதையோடு நிற்கிறது. தம்பி இதைப் படித்தால் அனுப்பி வைக்கவும். தேவனின் 'மிஸ்டர் வேதாந்தம்' ஒன்று என்னிடம் இருந்தது. அதை அவன் அக்கா கேட்டார்களாம். எடுத்துப் போயிருக்கிறான்.